வாட்ச் என்ன காட்டுது?

காலை ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். கடலூர் சில்வர் பீச்சில் இன்னும் வெளிச்சம் வரவில்லை. முதலில் கண்ணில் பட்டவை பச்சையாக மினுங்கிய ஐந்து புள்ளிகள். கிட்டே போன பிறகுதான் அவை ஒரே மனிதரின் இரண்டு கைகளில் இருப்பது தெரிந்தது. இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி மூன்று வாட்ச். வலது கையில் இரண்டு. பட்டைகளைத் தளர்த்தி, அடியில் எரியும் பச்சை விளக்கு தோலில் ஒழுங்காக விழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அங்கே பத்து கிலோமீட்டர் ஓட்டம். நான் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். அவர் என் அக்காவின் கணவர்.

"என்னா மாமா, கைலயே கடை போட்டுட்டீங்களா?"

"என்னுது ஒண்ணுதான் மச்சான். மீதி நாலும் மத்தவங்க பாத்துச் சொல்லச் சொல்லிக் குடுத்தது. எது பொய் சொல்லுதுன்னு இன்னிக்கித் தெரிஞ்சிடும்."

பதில் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. யாரோடு பேசினாலும் அப்படித்தான். எதிரில் இருப்பவரின் கையைப் பார்ப்பார். அதில் வாட்ச் இல்லையென்றால் தன் கையைப் பார்ப்பார்.

அன்று ஓட்டம் முடிந்த இடத்தில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர், வாழ்நாளில் முதல் முறையாகப் பத்து கிலோமீட்டர் ஓடியவர், கழுத்தில் பதக்கத்தோடு மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். மாமா நேராக அவரிடம் போனார்.

"மேடம், இது பத்து இல்ல. அஞ்சு வாட்ச்லயும் ஒம்பது எண்ணூத்திச் சொச்சம்தான் காட்டுது. அளந்தவன் தப்பா அளந்திருக்கான். இன்னும் ஒரு நூத்தம்பது மீட்டர் ஓடுனாத்தான் கணக்கு."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்தார். பதக்கத்தைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். பிறகு மணலோரமாகத் தனியாக ஓடிப் போய்த் திரும்பி வந்தார். வந்தபோது அழவில்லை, சிரிக்கவும் இல்லை. மாமா அதற்குள் ஐந்து வாட்ச்சையும் கழற்றி வரிசையாக வைத்து எண்களைக் குறித்துக்கொண்டிருந்தார். இதை ஒரு பெட்டிச் செய்தியாக எழுதினேன். வாசகர்கள் ரசித்தார்கள். நானும் ரசித்துத்தான் எழுதினேன்.

அக்கா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மாமாவுக்கும் எனக்கும் இப்போது பேச்சு இல்லை.

அவர் வேலை பார்த்தது நில அளவையில். சர்வேயர். அளக்கப் போன ஊரில் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காதவர் என்று மாவட்டத்தில் பெயர். சங்கிலி போட்டு அளந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, சேட்டிலைட்டைப் பார்த்து அளக்கும் கருவி வந்தபோது அதை முதலில் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர். வரப்புத் தகராறுக்குப் போகும் இடமெல்லாம் ஒரே வசனத்தைச் சொல்வார்: "கல்லு பொய் சொல்லும். பனமரம் பொய் சொல்லும். மனுசனக் கேக்கவே வேணாம். சேட்டிலைட்டுக்கு மட்டுந்தான் உங்க ஊர்ல சொந்தக்காரன் கிடையாது."

சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்றங்கரையில் ஒரு நிலத்தை அவர் அளந்தபோது நானும் கூடப் போயிருக்கிறேன். வெள்ளத்தில் கரை சரிந்து எல்லைக் கல் ஆற்றோடு போய்விட்டது. ஒரு விவசாயியும் அவர் மனைவியும் வரப்பில் நின்றார்கள்.

"இந்த வரப்பு வரைக்கும் நாங்கதாங்க நட்டுக்கினு வர்றோம். கல்லு போனா நெலமும் போயிடுமா?" என்றார் விவசாயி.

மாமா கருவியை ஊன்றினார். சிறிது தள்ளி இரண்டாம் முறை. பிறகு மூன்றாம் முறை. "நீங்க நிக்கிறது பக்கத்து நெலம். பதினோரு அடி உள்ள வந்துட்டீங்க."

அந்தப் பெண் சொன்னாள்: "சார், ஒரே ஒரு தடவ குனிஞ்சி மண்ண அள்ளிப் பாருங்க. எங்க எரு போட்ட மண்ணுன்னு ஒங்களுக்கே தெரியும்."

அவர் குனியவில்லை. எழுதிக்கொண்டார். வழக்கு கடலூர் கோர்ட்டுக்குப் போனது. கோர்ட்டும் அவர் அளவையே ஏற்றுக்கொண்டது. அவர் அளவு தவறு என்று எனக்குத் தெரிந்து எவரும் நிரூபித்ததில்லை.

ஓட ஆரம்பித்தது நாற்பது வயதுக்கு மேல். சில ஆண்டுகளில் கடலூரிலும் சிதம்பரத்திலும் ஓடுகிறவர்களுக்கு வாட்ச் வாங்க வேண்டுமென்றால் அவரைத்தான் கேட்பார்கள். அவர் விற்பவர் இல்லை. ஆனால் ஒரு மாடலைப் பற்றி வெளியான எல்லா விமர்சனங்களையும் படித்து, பார்த்து, நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைத்திருப்பார். மஞ்சக்குப்பத்தில் ஒரு டீக்கடையில் ஞாயிறு காலை ஓட்டம் முடிந்ததும் கூட்டம் சேரும். யார் வந்தாலும் மூன்று கேள்விகள். எங்க ஓடுற? எந்தக் கைல கட்டுவ? கைல பச்ச குத்தியிருக்கியா?

மூன்றாவது கேள்வியில் எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்காமல் விளக்குவார். வாட்ச்சின் அடியிலுள்ள பச்சை ஒளி தோலுக்குள் போய், அங்கே ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும். அதை வைத்துத்தான் துடிப்பை எண்ணுகிறது. நடுவில் பச்சை குத்திய மை இருந்தால் ஒளி அங்கேயே நின்றுவிடும். அப்போது வாட்ச் எதையாவது எண்ணிக்கொண்டிருக்கும், கால் அடியைக்கூட.

தேவனாம்பட்டினத்திலிருந்து படகுக்காரர் ஒருவர் வந்தார். மணிக்கட்டு முழுவதும் நங்கூரமும் மகள் பெயரும்.

"ஒனக்குக் கைல கட்டுறது ஆவாது. மார்ல கட்டுற பட்ட வாங்கு," என்றார் மாமா.

"மாருலயும் குத்தியிருக்கேன் சார். கொலசாமி."

"பரவால்ல. அது வெளிச்சத்த வெச்சிப் பாக்காது, கரண்ட வெச்சிப் பாக்கும். சாமி இருந்தாலும் வேல செய்யும்."

வக்கீல் குமாஸ்தா ஒருவர், மலிவாகக் கிடைத்தது என்று ஏதோ ஒரு வாட்ச்சை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து, சிதம்பரத்தில் நான்கு தேர் வீதிகளையும் ஐந்து சுற்று ஓடியதாகச் சொன்னார். மாமா அவர் போனை வாங்கி, வாட்ச் வரைந்திருந்த வரைபடத்தைப் பெரிதாக்கினார். ஓடிய கோடு வீதியில் நிற்காமல் கோயிலுக்குள் புகுந்திருந்தது.

"யோவ், ஒன் வாட்ச்படி நீ மேல கோபுரத்துல பூந்து கீழ கோபுரத்துல வந்திருக்க. அதுவும் ஷூவோட. கோயில்ல ஒன்னத் தேடிக்கினு இருக்காங்க, கொஞ்ச நாளைக்கி அந்தப் பக்கம் போவாத."

கடையே சிரித்தது. அவரோடு இருந்தால் சிரிப்புக்குக் குறைவிருக்காது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அக்காவுக்கு அண்ணாமலை நகரில் வேலை. குடியிருப்பும் அங்கேயே. மாமா தினமும் கடலூருக்கு வந்து போனார். குழந்தைகள் இல்லை. நாற்பத்தாறு வயதில் அக்காவின் சர்க்கரை அளவைப் பார்த்த மருத்துவர் நடக்கச் சொன்னார். நடந்தாள், பிறகு மெதுவாக ஓடவும் செய்தாள். மாமாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவளுக்கு எதை வாங்குவது என்று இரண்டு மாதம் கட்டம் போட்டார்.

முதலில் வாங்கியது மார்புப் பட்டை. அதுதான் துல்லியம் என்பது அவர் முடிவு. அந்த முடிவு சரி. அக்கா அதைக் கட்டியது இரண்டே நாள். தாலிச் சரடு பட்டையில் உரசியது, பட்டை நழுவியது.

"போறவங்க வர்றவங்க முன்னாடி ரவிக்கைக்குள்ள கைய வுட்டு இழுத்து இழுத்து வுட்டுக்கினு இருக்க முடியுமா? வேணும்னா நீங்க ரெண்டு பட்டையா கட்டிக்கினு ஓடுங்க."

தாலியைக் கழற்றி வைத்துவிட்டு ஓடச் சொன்னார். அக்கா பட்டையைக் கழற்றி வைத்தாள்.

அடுத்தது கை வாட்ச். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்கா பதினேழு வயதில், மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் பேட்டரி மிஷினோடு உட்கார்ந்திருந்த ஒருவனிடம் இடது மணிக்கட்டின் மேல்புறத்தில் பச்சை குத்திக்கொண்டாள். வாட்ச்சின் வயிறு உட்காரும் அதே இடம். குத்தியது என் பெயர். எனக்கு அப்போது ஒன்பது வயது.

"சோத்துக் கைல கட்டிக்கயேன்," என்றார் மாமா.

"சோத்துக் கைலயா? சமைக்கிறது, கழுவுறது எல்லாம் இந்தக் கைதான். தெனம் பத்து தடவ கழட்டி மாட்டணும்."

மாமா சோதித்துப் பார்த்தார். நான் அன்று அங்கே இருந்தேன். அக்காவைச் சோபாவில் உட்காரவைத்து, இடது கையில் வாட்ச்சைக் கட்டி, வலது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். "எழுபத்தாறு. வாட்ச்ல எழுபத்தஞ்சு. பழைய பச்ச மச்சான், வெளுத்துப் போச்சி. லைட்டு பூந்துடுது."

உட்கார்ந்திருந்தபோது எண்ணினார். ஓடும்போது எண்ணிப் பார்க்கவில்லை. வெள்ளாற்றங்கரையில் ஒரு கல்லுக்கு மூன்று முறை கருவியை ஊன்றியவர். அவருடைய மூன்றாவது கேள்வியை டீக்கடையில் பலமுறை கேட்டுச் சிரித்திருந்த நானும் எதுவும் சொல்லவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அக்கா போன் செய்தாள்.

"படபடன்னு வருதுடா. நாலு படி ஏறுனாப் போதும், நெஞ்சுக்குள்ள கோழிக்குஞ்சு மாட்டிக்கினா மாரி."

"மாமா கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். வாட்ச்சப் பாத்தாரு."

"என்ன காட்டுது?"

"எழுபத்தெட்டு."

"அப்ப ஒண்ணும் இருக்காதுக்கா," என்றேன்.

படபடப்பு என்ற சொல் இதயத்துக்கும் பொருந்தும், மனதுக்கும் பொருந்தும். மருத்துவரிடம் சொன்னால் அவர் நெஞ்சில் குழாயை வைப்பார். வீட்டில் சொன்னால் எதற்கு இவ்வளவு பதற்றம் என்பார்கள். அக்கா அந்தச் சொல்லை வீட்டில்தான் சொன்னாள்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா ரசத்தை ஊற்றிவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மறுபடியும் வருதுங்க."

"எதுக்குப் படபடப்பு ஒனக்கு? ஆபீசுல ஆடிட்டா?"

"மனசுல இல்லீங்க. நெஞ்சுல."

"நெஞ்சுலன்னா இதுல வந்திருக்குமில்ல?" இடது கையால் போனை எடுத்து அவளிடம் நீட்டினார். "பாரு. காலைலேர்ந்து கோடு எவ்ளோ நேரா போவுது."

"கோடு நேராப் போனா ஆளு செத்துப்போச்சின்னு அர்த்தம்," என்றாள் அக்கா.

மூன்று பேரும் சிரித்தோம். அக்காதான் முதலில் நிறுத்தினாள்.

"ஒரு தடவ டாக்டர் கிட்ட போயிட்டு வந்துடலாமே."

"போயி என்னான்னு சொல்லுவ? காட்டறதுக்கு ஒரு ரீடிங் வேணாமா?"

"நான்தான் சொல்றனே."

"நீ சொல்ற. அது சொல்லணுமில்ல?"

அவர் குரலை உயர்த்தவில்லை. எரிச்சல்கூட இல்லை. ஒரு வரப்புத் தகராறைத் தீர்த்துவைப்பவரின் பொறுமைதான் இருந்தது. அக்கா ரசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாமா எனக்கு அப்பளம் நொறுக்கிப் போட்டார்.

அவர் அன்பில்லாதவர் என்று என்னால் எழுத முடியாது. வாட்ச்சுக்குத் தினமும் அவர்தான் சார்ஜ் போட்டார். அக்கா எத்தனை மணி நேரம் தூங்கினாள், எத்தனை அடி நடந்தாள், உட்கார்ந்திருக்கும்போது துடிப்பு எவ்வளவு என்று இரண்டு ஆண்டுகளாகப் பென்சிலால் நோட்டில் எழுதிவந்தார். விடுமுறை நாளில் அவள் மதியம் கண்ணயர்ந்தால், மின்விசிறியின் வேகத்தைக்கூடக் கூட்டாமல் நுனிக்காலில் நடப்பார். அவள் தூக்கம் கெடக் கூடாது என்றா, தூக்கத்தின் எண் கெடக் கூடாது என்றா என்று அப்போது நான் யோசித்ததில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, காலை ஆறு நாற்பதுக்கு மாமாவின் போன் வந்தது.

"மச்சான், ஒங்க அக்கா தெற்கு வீதில உக்காந்துட்டா. ரெண்டாவது சுத்துதான். வலது கைய தூக்க வரல. வாயி கொஞ்சம் கோணுது. வாட்ச்ல எம்பத்தி நாலு காட்டுது, அதனால பயப்பட வேணாம், மயக்கமா இருக்கும்."

"வாட்ச்ச வுட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க மாமா!"

அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் முறை. "போறேன், போறேன்," என்றார். பின்னால் ஒரு ஷேர் ஆட்டோக்காரர், "சார், மொதல்ல அவுங்களத் தூக்குங்க," என்று சொன்னது கேட்டது.

நான் பஸ் பிடித்துச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது அக்கா கட்டிலில் கண் மூடியிருந்தாள். தலைமாட்டில் துடிப்பைக் காட்டும் ஒரு திரை. அதில் எண் நிற்கவில்லை. நூற்று ஐம்பத்தெட்டு, நூற்று எழுபத்தொன்று, நூற்று நாற்பத்தொன்பது என்று தாவிக்கொண்டிருந்தது. இடது கையில் வாட்ச் இன்னும் இருந்தது. அதில் எண்பத்திரண்டு. மாமா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சிஸ்டர், ஒங்க மிஷின ஒரு தடவ செக் பண்ணிடுங்க. ரெண்டுக்கும் இவ்ளோ வித்தியாசம் வராது."

நர்ஸுக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் கோபப்படவில்லை. அக்காவின் வலது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துச் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மாமாவின் கையைப் பிடித்து இழுத்து அதே இடத்தில் வைத்தார்.

"நீங்களே எண்ணிப் பாருங்க சார்."

மாமா எண்ணினார். உதடு அசைந்தது. பாதியில் கண்ணை மூடிக்கொண்டார். நிமிடம் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் விரலை எடுத்தார். எத்தனை என்று நர்ஸ் கேட்கவில்லை. வாட்ச்சைக் கழற்றி மாமா கையில் கொடுத்தார். கழற்றிய இடத்தில் பட்டையின் தடமும் அதன் நடுவில் என் பெயரும் இருந்தன.

இதயத்தின் மேலறை ஒழுங்கு தப்பித் துடித்திருக்கிறது என்றார் மருத்துவர். அப்படித் துடிக்கும்போது உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போய்விட்டது.

"எவ்ளோ நாளா இருந்திருக்கும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"மாசக்கணக்கா இருக்கலாம். அவுங்க எதுவுமே சொல்லலியா?"

மாமா தன் கையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அக்கா பேசவில்லை. மூன்றாம் நாள் மதியம் இறந்தாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மாமாவை ஒரே ஒரு முறை நேருக்கு நேர் சந்தித்திருக்கிறேன். கடலூர் பஸ் நிலையத்தில், சிதம்பரம் வண்டிக்காக நின்றிருந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார். நலம் விசாரிக்கவில்லை.

"உக்காந்திருந்தப்ப சரியாத்தான மச்சான் காட்டிச்சி? எழுபத்தாறுக்கு எழுபத்தஞ்சி. நீயும் பக்கத்துல இருந்து பாத்தியே?"

"பாத்தேன் மாமா," என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தவர் வெளியே திரும்பவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. சண்டை என்று எதுவும் நடக்கவில்லை.

அக்காவின் அலுவலகத்தில் கொடுப்பதற்காக மருத்துவமனைக் காகிதங்களின் நகலை வாங்கப் போனது நான்தான். ஆறு பக்கங்கள், எல்லாம் ஆங்கிலத்தில். சேர்த்த நாளன்று அவசரப் பிரிவில் எழுதிய முதல் பக்கத்தில் பெயர், வயது, கொண்டுவந்த நேரம். அதற்குக் கீழே இரண்டு வரிகள்.

நெஞ்சுப் படபடப்பு எத்தனை நாளாக: இல்லை.

தகவல் சொன்னவர்: கணவர்.